தலைக்கு மேல் வெயில், மலைக்கு மேல் மழை



பள்ளி விடுமுறை வந்தாலே வீட்டில் ஒரு பேச்சு எழும்: "இந்த முறை எங்கே போகலாம்?" நம் ஜொகூரில் இருப்பவர்களுக்கு அதற்கான பதில் பக்கத்திலேயே இருக்கிறது. தங்காக் பக்கம் போனால் லெடாங் மலை. கோத்தா திங்கி பக்கம் போனால் முந்தாஹாக் மலையடியில் பெரிய நீர்வீழ்ச்சி. குளுவாங்கில் லம்பாக் மலை. புளிச்சோறு கட்டிக்கொண்டு, பாய் எடுத்துக்கொண்டு, அத்தை மாமா பிள்ளைகளோடு இரண்டு மூன்று காரில் கிளம்பினால் அன்றைய நாள் இனிதாகப் போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பமும் அப்படித்தான் ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தது. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். வானம் நீலமாக இருந்தது. பிள்ளைகள் நீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடையை ஆற்றின் நடுவே இருந்த தட்டைப் பாறையில் வைத்திருந்தோம். கரையில் கடை போட்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் திடீரென எழுந்து, "ஆயர் சுடா கெரோ! நாயிக்! நாயிக்!" என்று கத்தினார். நீர் கலங்கிவிட்டது, மேலே ஏறுங்கள் என்று அர்த்தம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். "வெயில் அடிக்குது, இவர் எதுக்குப் பயப்படுறார்?" என்று என் அண்ணன் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டைப் பாறை எங்கள் கண்முன்னே நீருக்குள் மறைந்தது. கூடையும் போனது. நல்லவேளை, கூடை மட்டும்தான் போனது.

நான் அறிவியல் ஆசிரியர். ஆனால் அன்று நீரைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கடைக்காரர்தான். அவருக்குத் தெரிந்ததை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வாரப் பாடம்.

மலை ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?

மலையேறினால் சூரியனுக்குக் கொஞ்சம் அருகில் போகிறோம். பிறகு ஏன் குளிர்கிறது? சூரிய ஒளி காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. அது முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான நிலம் தன்னை ஒட்டியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் அந்தக் காற்று விரிவடைகிறது. விரிவடைவதற்குத் தன்னிடம் உள்ள ஆற்றலையே செலவழிக்கிறது. அதனால் குளிர்ந்துவிடுகிறது.

சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஜொகூரின் ஆக உயர்ந்த சிகரமான லெடாங்கின் உயரம் 1,276 மீட்டர். அடிவாரத்தில் 32 பாகை என்றால், உச்சியில் ஏறத்தாழ 24 பாகைதான் இருக்கும். காற்றழுத்தமும் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. அடிவாரத்தில் வாங்கிய முறுக்குப் பொட்டலம் உச்சிக்குப் போனதும் பந்துபோல் உப்பியிருப்பது இதனால்தான். பொட்டலத்துக்குள் இருக்கும் காற்று மாறவில்லை. அதை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த காற்றுதான் குறைந்துவிட்டது.

மழையை வரவழைக்கும் மலை

கடலிலிருந்து ஈரக்காற்று வீசுகிறது. சமவெளியில் தடையில்லாமல் போகும் அந்தக் காற்று, மலையில் மோதியதும் சரிவோடு மேலே ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் காற்று குளிரும் என்று இப்போதுதான் பார்த்தோம். குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாகவே தங்க முடியும். மீதமுள்ள நீராவி நீர்த்துளிகளாகி மேகமாகிறது. பிறகு மழையாகப் பொழிகிறது. சமவெளியில் வெயில் காயும்போதே மலையுச்சியில் மட்டும் கருமேகம் குவிந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை வீசும். தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. ஆண்டிறுதி விடுமுறையும் அதே காலத்தில்தான் வருகிறது. பருவக்காற்று இல்லாத மாதங்களிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. காலை முழுவதும் சூடேறிய நிலத்திலிருந்து காற்று வேகமாக எழும்பி, பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். நாம் சாப்பிட்டு முடித்து, நீரில் இறங்கும் நேரம் பெரும்பாலும் அதுதான்.

ஆக, மலையில் குளிர்ந்த காற்றும் தெளிந்த நீரும் கிடைப்பதற்கு எது காரணமோ, திடீர் வெள்ளத்துக்கும் அதுவே காரணம்.

'கெபாலா ஆயர்' என்றால் என்ன?

மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளத்தை மலாய் மொழியில் 'கெபாலா ஆயர்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீரின் தலை'. பொருத்தமான பெயர். ஏன் என்று பாருங்கள்.

மலையுச்சியில் பெருமழை பெய்கிறது. சரிவுகள் செங்குத்தாக இருப்பதால் பல சிற்றோடைகளின் நீர் ஒரே நேரத்தில் ஓர் ஆற்றில் வந்து சேர்கிறது. ஆழம் குறைந்த நீரை ஆற்றுப்படுகையின் உராய்வு அதிகமாகத் தடுக்கிறது. அதனால் முன்னால் போகும் மெல்லிய நீர் மெதுவாகப் போகிறது. பின்னால் வரும் ஆழமான நீருக்கு அந்த அளவுக்குத் தடை இல்லை. அது வேகமாக வந்து முன்னால் உள்ள நீரைப் பிடித்துவிடுகிறது. இப்படிப் பின்னால் வருவது முன்னால் போவதன்மேல் ஏறி ஏறி, வெள்ளத்தின் முன்பகுதி ஒரு சுவர்போல் உயர்கிறது. அதுதான் 'தலை'.

இன்னொரு வழியும் உண்டு. மேலே விழுந்த மரங்களும் கிளைகளும் சருகுகளும் ஆற்றின் குறுகிய இடத்தில் சிக்கி, தற்காலிக அணைபோல் ஆகிவிடும். நீர் அதன் பின்னால் தேங்கும். கீழே குளிப்பவர்களுக்கு நீர் குறைந்தாற்போலக்கூடத் தோன்றலாம். அணை உடைந்தால் தேங்கிய நீர் முழுவதும் ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு மலையில் 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை எல்லாம் ஒரே ஆற்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்போம். அங்கே ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.

1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர். அதன் நிறை 1,000 டன். அப்படியானால், 2 × 40 × 1,000 = 80,000 டன் நீர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் சுமார் 2,500 கன மீட்டர் நீர் இருக்கும் என்றால், இது 32 குளங்களுக்குச் சமம். இதில் பாதியைக் காடும் மண்ணும் உறிஞ்சிக்கொண்டாலும், மீதி 16 குளங்கள் அளவு நீர், நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஆற்றின் வழியாகத்தான் கீழே போக வேண்டும்.

அடுத்த கணக்கு இதைவிட முக்கியமானது. மழை பெய்யும் இடம் உங்களிடமிருந்து ஆற்றுவழியே 2 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. வெள்ளம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது. 2,000 ÷ 2 = 1,000 நொடி. ஏறக்குறைய 17 நிமிடம். வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 11 நிமிடம்தான்.

இந்த நிமிடங்களில் உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழைகூட விழாமல் இருக்கலாம். இடையில் ஒரு மலைமுகடு இருந்தால் கருமேகமும் கண்ணில் படாது. அருவியின் இரைச்சலில் இடியோசையும் கேட்காது. "இங்கே மழை இல்லையே" என்பது இந்த இடத்தில் பயனில்லாத வாதம். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் தலைக்கு மேல் உள்ள வானத்தை அல்ல. ஆறு பிறக்கும் இடத்து வானத்தை.

முட்டளவு நீர் ஆளைத் தள்ளுமா?

"முட்டி வரைக்கும்தானே தண்ணி, நடந்து போயிடலாம்" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நின்ற நீர் என்றால் அது சரி. ஓடும் நீரில் சரியல்ல.

ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். முட்டியளவு நீரில் நிற்பவரின் இரண்டு கால்களும் சேர்ந்து நீரை மறிக்கும் பரப்பு சுமார் 0.15 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், தோராயமாகக் கிடைக்கும் விடை இது:

நொடிக்கு 1 மீட்டர் வேகம்: 75 நியூட்டன்
நொடிக்கு 2 மீட்டர் வேகம்: 300 நியூட்டன்
நொடிக்கு 3 மீட்டர் வேகம்: 675 நியூட்டன்

75 நியூட்டன் என்பது ஏழரைக் கிலோ பொருளின் எடை; சமாளித்துவிடலாம். 675 நியூட்டன் என்பது ஒரு பெரிய ஆளின் எடை. அவ்வளவு எடை உங்கள் காலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காலடியில் இருப்பதோ பாசி படிந்த பாறை. உராய்வு மிகக் குறைவு. நீரின் மிதப்பு விசையும் உங்கள் எடையில் ஒரு பகுதியைக் குறைத்து, கால் ஊன்றவிடாமல் செய்கிறது. வெள்ளத்தோடு கல்லும் கட்டையும் சேர்ந்து வந்தால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதில் தப்புவது கடினம்.

பூலாய் மலை, 2001

இது நம் மாநிலத்தில் நடந்த நிகழ்வு. உங்களில் பலர் பிறப்பதற்கு முன் நடந்தது.

பெரும் சூறாவளிகள் உருவாக வேண்டுமானால் காற்று சுழல வேண்டும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஏற்படும் கொரியோலிஸ் விளைவுதான் காற்றுக்கு அந்தச் சுழற்சியைத் தருகிறது. நிலநடுக்கோட்டில் இந்த விளைவு சுழி. விலகிப் போகப் போக அதிகமாகும். ஆகவே நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் சூறாவளி உருவாவதில்லை என்பதே பொதுவான பாடமாக இருந்தது.

2001 டிசம்பர் 26ஆம் தேதி, தென்சீனக் கடலில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 1.5 பாகையில் 'வாமெய்' என்ற சூறாவளி உருவானது. அங்கே கொரியோலிஸ் விளைவு, 15 பாகையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் வலுவான வடகிழக்குப் பருவக்காற்றும் போர்னியோ பக்கம் இருந்த காற்றுச் சுழலும் சேர்ந்து, தேவையான சுழற்சியைக் கொடுத்துவிட்டன. மறுநாள் அது தென்கிழக்கு ஜொகூரில் கரையைக் கடந்தது. டிசம்பர் 28ஆம் தேதி, 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் மலையின் சரிவிலிருந்து நீரும் மண்ணும் பாறையும் மரங்களும் ஒன்றாக இறங்கின. ஐந்து பேர் உயிரிழந்தனர்.

பூலாய் பெரிய மலை அல்ல. லெடாங்கின் உயரத்தில் ஏறத்தாழ பாதிதான். ஆபத்துக்கு மலையின் உயரம் மட்டும் காரணமல்ல. சரிவும் மழையும் ஏற்கெனவே ஊறிப்போன மண்ணும் சேர்ந்தால் போதும். பேராக்கில், கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் 1996 ஆகஸ்டு 29ஆம் தேதி இதே போன்ற மண்வெள்ளம் ஒரு பூர்வகுடி கிராமத்தையே அடித்துச் சென்றது. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய நீர்ப்பெருக்கும் உயிர்களைப் பறித்தது.

"எத்தனையோ வருஷமா இங்கே வந்து போறோம், ஒன்னும் ஆனதில்ல" என்று சொல்வார்கள். 2001 டிசம்பர் 26 வரை நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே சூறாவளியும் 'ஆனதில்லை'தான். இதுவரை நடக்காதது இனியும் நடக்காது என்பதற்குச் சான்று ஆகாது.

நீர் முன்கூட்டியே சொல்லும் ஐந்து செய்திகள்

1. நிறம் மாறும். தெளிந்த நீர் தேநீர் நிறமாகவோ சேறாகவோ மாறினால், மேலே வேகமான நீர் மண்ணை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

2. சருகு மிதந்து வரும். ஒன்றிரண்டு இலைகள் எப்போதும் வரும். திடீரென இலையும் சுள்ளியும் கூட்டமாக வந்தால், மேலே நீர்மட்டம் உயர்ந்து கரையில் கிடந்த குப்பையைத் தூக்கிவிட்டது என்று பொருள்.

3. நீர்மட்டம் மாறும். கொஞ்சம் உயர்ந்தாலும் எச்சரிக்கைதான். காரணமில்லாமல் திடீரெனக் குறைந்தாலும் எச்சரிக்கைதான்; மேலே எங்கோ அடைப்பு ஏற்பட்டிருக்கலாம்.

4. ஓசை மாறும். அருவியின் சலசலப்புக்கு அடியில் ஒரு கனத்த உறுமல் கேட்கும். கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசை அது.

5. மலையுச்சி இருண்டிருக்கும். மின்னல் தெரிந்து, இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி 3ஆல் வகுத்தால், இடி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தெரிந்துவிடும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும்; ஐந்துக்காகவும் காத்திருக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: பாத்திரம் துலக்கும் பஞ்சு இரண்டு, ஒரு தட்டு, அளவுக் குவளை, நீர்.

ஒரு பஞ்சை உலர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றை நீரில் நன்றாக ஊறவைத்து எடுங்கள். தட்டைச் சாய்த்து வைத்து, முதலில் உலர்ந்த பஞ்சின்மேல் 50 மில்லிலிட்டர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே வடியும் நீரை அளந்து எழுதுங்கள். பிறகு ஊறிய பஞ்சை வைத்து அதே அளவு நீரை ஊற்றி அளந்து பாருங்கள்.

உலர்ந்த பஞ்சு பெரும்பகுதியை வைத்துக்கொள்ளும். ஊறிய பஞ்சிலிருந்து ஊற்றிய நீர் ஏறக்குறைய அப்படியே வழிந்துவிடும். மலைக்காட்டு மண்ணும் இப்படித்தான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்த பிறகு வரும் ஒரு சாதாரண மழையே பெருவெள்ளமாகிவிடலாம். ஆகவே பயண நாளின் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய நாள்களில் அங்கே மழை பெய்ததா என்றும் கேட்க வேண்டும்.

குடும்பத்தில் உங்கள் வேலை

கிளம்புவதற்கு முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்வீழ்ச்சிக்குப் போனதும் முதல் வேலையாக நீரோரத்தில் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, நீர் எதுவரை தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். ஆற்றின் நடுப்பாறையில் பாய் விரிக்க விடாதீர்கள். குளிக்காமல் நீரைக் கவனிக்க எப்போதும் ஒருவர் கரையில் இருக்கட்டும், முறைவைத்து மாறிக்கொள்ளலாம். உயரமான இடத்துக்கு ஏறும் வழியை முன்பே பார்த்து வையுங்கள்.

அறிகுறி தெரிந்தால் ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. ஆற்றைக் கடக்கவும் கூடாது. நிற்கும் கரையிலேயே, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, கைப்பேசி, சாப்பாடு எதற்காகவும் திரும்பாதீர்கள். யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, மூடிய காலிப் புட்டி, ஐஸ் பெட்டி என்று மிதப்பது எதையாவது எறியுங்கள், 999ஐ அழையுங்கள். நீங்களே சிக்கிக்கொண்டால் மல்லாந்து, கால்களை நீர் போகும் திசைக்கு நீட்டிக்கொள்ளுங்கள். பாறையில் தலை மோதுவதைவிடக் கால் மோதுவது மேல். எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் பாறை இடுக்கில் சிக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. பெரியவர்களிடம் சொல்வது. "சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்?" என்பார்கள். அப்போது வாதாடாதீர்கள். "மாமா, தண்ணி நிறம் மாறுது. எல்லாரும் மேலே போய் முதல்ல சாப்பிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் நம் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள்! உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே ஆற்றைக் கவனியுங்கள். வெள்ளம் வராமல் போனால் உங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். எல்லாரும் முழுசாக வீட்டுக்குத் திரும்பினால்தான் கேலி செய்யவும் முடியும்.

சிந்தனைக்கு

1. நீர்ப்பிடிப்புப் பகுதி 1 சதுர கிலோமீட்டர். மழை 30 மில்லிமீட்டர். விழுந்த நீர் எத்தனை டன்?

2. மழை பெய்யும் இடம் ஆற்றுவழியே 3 கிலோமீட்டர் தொலைவில். வெள்ளத்தின் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர். எத்தனை நிமிடத்தில் வந்து சேரும்?

3. குளித்துக்கொண்டிருக்கும்போது நீர்மட்டம் திடீரெனக் குறைகிறது. "நல்லதாப் போச்சு, இப்போ ஆழம் குறைவு" என்கிறார் உங்கள் நண்பர். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(விடைகள்: 1. 30,000 டன். 2. 20 நிமிடம். 3. இந்த விடையை உங்கள் குடும்பத்தாரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சொன்னால் இன்னும் நல்லது.)